சட்டாம்பிள்ளையும் ஒப்புக்குச் சப்பாணியும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றிய ஊர்களில், பள்ளி இடைவேளையில் பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது இன்றும் ஒரு சொல் காதில் விழும்: ‘அவன் ஒப்புக்குச் சப்பாணி.’ ஓட முடியாத பிள்ளையையோ, மிகச் சின்னப் பிள்ளையையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது, அவன் யாரையாவது தொட்டாலும் அவுட் கிடையாது. இரண்டு கட்சியிலும் அவன் கணக்கில் வரமாட்டான். அழாமல் இருக்க ஓர் இடம் கொடுத்தாயிற்று.

எல்லையோரத்துத் தமிழ் மீடியம் வகுப்புகளில் பல வருஷம் பாடம் நடத்தியவள் நான். ஊனமுள்ள பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கிறோம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது என்பது நான் பார்த்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். முதல் பெஞ்சில் இடம் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று மேடையில் ஒரு பாட்டு இருக்கும். குழு வேலையில், விளையாட்டில், மதியச் சாப்பாட்டு அரட்டையில் மட்டும் அந்தப் பிள்ளை இருக்காது. இதை ஆசிரியரால் மட்டும் மாற்ற முடியாது. நட்பைச் சுற்றறிக்கையில் அனுப்ப முடியாது. ஆனால் பிள்ளைகளைப் பழக்க முடியும். எப்படிப் பழக்குவது, எங்கே தவறுகிறோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தன. ஊனமுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாகக் கற்பது, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொள்வது என்று இரண்டையும் சேர்த்துத்தான் உள்ளடக்கிய கல்விக்கு அது விளக்கம் தருகிறது. ஆக, உட்கார இடம் கொடுத்தால் பாதிதான் முடிந்தது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. பிரெய்ல் கற்பது, தனியே நடமாடப் பழகுவது இவற்றோடு, சக மாணவர்களின் துணையையும் வழிகாட்டலையும் ஏற்பாடு செய்து தருவதும் அரசின் வேலை என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. அந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். வழிகாட்டுகிற பிள்ளைக்கு ஊனம் இருக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். வாத்தியார் பெரிய பிள்ளைகளைக் கவனிக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்து எழுதிக் காட்டுவது அவன் வேலை. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதை அவர் ‘மலபார்ப் பள்ளி’ என்று குறித்தார். தமிழர்களை வெள்ளைக்காரர்கள் மலபாரிகள் என்றே அழைத்த காலம் அது. தம் பள்ளியிலும் பையன்களைக் கொண்டே பையன்களுக்குக் கற்பித்து, 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

அந்தச் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. தமிழைத் தாண்டினால் அதே சொல் மலையாளத்தில் ‘சட்டம்பி’ என்று இருக்கிறது. 1853இல் பிறந்த சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் வந்ததே, ஆசானின் பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்புத் தலைவனாக இருந்ததால்தான். இன்றைக்குக் கேரளத்தில் யாரையாவது சட்டம்பி என்றால் ரௌடி என்று பொருள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு மேலாக உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது அந்தச் சொல்லின் பயணத்திலேயே இருக்கிறது.

அந்தத் தவறை நானும் செய்தேன். நாலாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். கைகள் இறுக்கம், பேச்சு குழறும், புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் முதலில் வரும் பெண்ணை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, ‘நீதான் இவனைப் பாத்துக்கணும்’ என்றேன். நல்ல பிள்ளை அவள். பையைத் தூக்கினாள், அவன் நோட்டையும் சேர்த்து எழுதினாள், தண்ணீர் கொண்டுவந்தாள். அசெம்பிளியில் அவளைப் பாராட்டினேன். மாதக் கடைசியில் பார்த்தால், அவனிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவள் பதில் சொல்கிறாள். ‘டீச்சர், அவனுக்கு வராது டீச்சர்’ என்கிறாள். அவன் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டிருந்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராதபோதுதான், எட்டாம் வாய்ப்பாட்டை அவன் கடைசிவரை தானே சொன்னான். மெதுவாக, இரண்டு இடத்தில் நின்று, ஆனால் சொன்னான். அந்த வாரமே அவள் அம்மா வந்து, ‘எம்புள்ள இடைவேளைக்கு வெளையாடவே போறதில்லையாமே டீச்சர்’ என்றார். ஒரே ஏற்பாட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்திருந்தேன்.

பிற்பாடு படித்தபோது இது என் வகுப்பில் மட்டும் நடந்ததில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் மைக்கேல் ஜியான்கிரெக்கோவும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் ஒன்றைக் காட்டினார்கள். ஊனமுள்ள பிள்ளையின் அருகில் ஒரு பெரியவர் ஓயாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தத் துணையே மற்றப் பிள்ளைகளை நெருங்கவிடாத சுவராகிவிடுகிறது. அதே நாட்டில் எரிக் கார்ட்டர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவரின் தனித்துணைக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற சக மாணவர்கள் சிலர் பக்கத்தில் இருந்த வகுப்புகளில் பேச்சும் பழக்கமும் கூடின, புது நட்புகளும் உண்டாயின. என் வகுப்பில் இல்லாமல்போனது பயிற்சி. இன்னொன்று, ‘சிலர்’ என்ற பன்மை. ஒருத்தியிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்ததுதான் முதல் பிழை.

அப்படியானால் பயிற்சி என்றால் என்ன? கருணையைப் பற்றிய சொற்பொழிவு வேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்லும் விளையாட்டையும் நான் நிறுத்திவிட்டேன். புதிதாகக் கண் கட்டப்பட்டவனின் பயம்தான் அதில் தெரியும், பார்வையில்லாமலே வளர்ந்த பிள்ளையின் திறமை தெரியாது. பிள்ளைகள் ‘அய்யோ பாவம்’ என்று முடித்துக்கொள்வார்கள். பயிற்சி என்று நான் சொல்வது சின்னச் சின்னக் கைப்பழக்கங்களை.

எல்லாவற்றுக்கும் முதலாவது, கேட்பது. ‘உதவட்டுமா? எப்படிச் செய்யணும்?’ என்று இரண்டு கேள்வி. ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால் விலகி நிற்பது. எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினம். உதவி மறுக்கப்பட்டால் முகம் வாடிவிடுகிறது. அதனால் ‘வேண்டாம்’ சொல்லவும், அதைக் கேட்டுக்கொள்ளவும் ஜோடி ஜோடியாக நடித்துப் பழக்குவேன்.

பார்வையில்லாத நண்பனைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நம் முழங்கைக்கு மேல் அவன் பிடித்துக்கொள்ள, நாம் அரை அடி முன்னால் நடக்க வேண்டும். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும். விட்டுப் போகும்போது ‘நான் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் அவன் காற்றோடு பேசிக்கொண்டிருப்பான். காது கேளாத பிள்ளையிடம் கத்தினால் பயனில்லை. வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி எதிரே நின்று, வாயை மறைக்காமல் பேச வேண்டும். சக்கர நாற்காலி அதில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மாதிரி, சொல்லாமல் தள்ளக் கூடாது. சரிவில் இறக்கும்போது பின்பக்கமாக இறக்க வேண்டும். திக்குகிற பிள்ளையின் வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இடைவேளை மணியின் சத்தமே அடிபோல் இருக்கலாம். மணி அடிக்கப் போகிறது என்று முன்கூட்டிச் சொல்கிற ஒரு நண்பன் இருந்தால் போதும், அந்த நாள் வேறு மாதிரி போகும். மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு வேலையை நாலு துண்டாக்கிக் காட்டி, காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு நான் எண்ணிக்கை கொடுத்திருக்கிறேன். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணு, அதற்கப்புறம்தான் உதவி.

வலிப்பைப் பற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியே ஆக வேண்டும். இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதை இன்னும் பார்க்கிறேன். சாவியால் ஒன்றும் ஆகாது. சுற்றியுள்ள பெஞ்சை நகர்த்து, ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, அமுக்கிப் பிடிக்காதே, ஒருவர் டீச்சரைக் கூப்பிட ஓடு. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் பெரியவர்கள் 108ஐ அழைப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதைப் பிழையில்லாமல் சொல்லும்.

வசைச் சொற்களையும் நேருக்கு நேர் பேசிவிட வேண்டும். எல்லையில் வளர்கிற பிள்ளைகளிடம் இரண்டு மொழியின் வசையும் இருக்கிறது. ‘நொண்டிச் சாக்கு’ என்பதை நினைக்காமலே சொல்கிறோம். மலையாளத்தில் காது கேளாதவனுக்கும் முட்டாளுக்கும் ‘பொட்டன்’ என்று ஒரே சொல். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி, கேரளத்தில் பின்னசேஷி என்று அரசுகள் நல்ல சொற்களைக் கொடுத்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு நான் சொல்வது அதைவிட எளிது. அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடு.

ஆனாலும் பழக்கங்கள் மட்டும் ஒப்புக்குச் சப்பாணியைக் கணக்கில் சேர்த்துவிடாது. அதற்கு ஆட்டமே மாற வேண்டும். 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் சொன்னது இங்கே உதவுகிறது. இரண்டு தரப்பு வெறுமனே அருகருகே இருந்தால் மனம் மாறிவிடாது. சம நிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாத வேலை வேண்டும், பொறுப்பில் உள்ள பெரியவர்களின் ஆதரவு வேண்டும். டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1971இல், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து சண்டை மூண்டபோது, எலியட் ஆரன்சன் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தார். தன் துண்டை ஒவ்வொருவரும் படித்துச் சொன்னால்தான் குழுவுக்கு முழுப் பாடமும் கிடைக்கும். எவனையும் ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் நட்டம் ஒதுக்கியவனுக்கே.

நான் இதை எங்கள் ஆற்றை வைத்துச் செய்தேன். பாரதப்புழைக்கு நாலு பெரிய கிளைகள்: சித்தூர்ப்புழை, கல்பாத்திப்புழை, காயத்ரிப்புழை, தூதப்புழை. குழுவில் நாலு பேர், ஆளுக்கு ஓர் ஆறு. எங்கே பிறக்கிறது, எந்த ஊர் வழியாக ஓடுகிறது, எங்கே அணை இருக்கிறது என்று அவரவர் ஆற்றை அவரவர் சொன்னால்தான் பொன்னானியில் கடலில் சேரும் வரைபடம் முழுசாகும். பேச்சு குழறும் அந்தப் பையனுக்கு, தினமும் நாங்கள் தாண்டி வருகிற சித்தூர்ப்புழையைக் கொடுத்தேன். அவன் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, ஊர்ப் பெயர்களை மட்டும் சொன்னான். மற்ற மூவரும் வாய் பிளந்து, குனிந்து, கவனமாகக் கேட்டார்கள். அவனுக்காகப் பொறுமை காட்டவில்லை அவர்கள். அவனிடம் இருந்த விஷயம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

வாங்குகிற கை மட்டுமே உள்ள பிள்ளையாக எவரையும் வைக்கக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். வழிகாட்டும் வேலை சுற்றிச் சுற்றி வர வேண்டும். எங்கள் எல்லையில் அதற்கு ஒரு அழகான வாய்ப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. இங்கே ஒரே மதில் சுவருக்குள் தமிழ் டிவிஷன், மலையாள டிவிஷன் என்று பிள்ளைகள் பிரிந்து உட்கார்கிறார்கள். எழுத்து வேறு, புத்தகம் வேறு. ஆனால் 1951இல் உருவான பாரதி பிரெய்ல் முறையில் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒலிக்கு ஏற்ப ஒரே புள்ளிகள். பிரெய்ல் கட்டத்தின் ஆறு புள்ளிகளில் தமிழ் ‘க’வுக்கும் மலையாள ‘க’வுக்கும் ஒன்றாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியும்தான். கண்ணால் படிக்கிறவர்களுக்கு இரண்டு எழுத்து, விரலால் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றே. பிரெய்ல் தெரிந்த பிள்ளை ஒன்று பள்ளியில் இருந்தால், இரண்டு டிவிஷன் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து, தங்கள் பெயரைப் புள்ளியில் எழுதக் கற்றுத்தரச் சொல்லுங்கள். ரகசிய எழுத்து என்றால் பிள்ளைகள் சோறு தண்ணீர் மறந்து கற்பார்கள். அந்த வட்டத்தின் நடுவில் டீச்சர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சைகை மொழியும் அப்படித்தான். இந்தியச் சைகை மொழிக்கு இடத்துக்கு இடம் சில வேறுபாடுகள் உண்டு, ஆனால் அது தமிழுமில்லை, மலையாளமுமில்லை. 2015இல் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது, 2021இல் அது 10,000ஐத் தொட்டது. காணொளிகளை யாரும் பார்க்கலாம். வாரம் ஐந்து சைகை போதும். வா, சாப்பிட்டாயா, என் முறை, உன் முறை, சும்மா சொன்னேன். கடைசிச் சைகை இல்லாமல் நட்பு நடக்காது.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வட்டார வள மையமான பி.ஆர்.சி.யிலிருந்து வாரத்தில் சில நாள் வந்துபோகும் ரிசோர்ஸ் டீச்சர் (ஊனமுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்) பெரும்பாலும் மலையாளத்தில் பேசுபவர், பிள்ளையின் வீட்டு மொழி தமிழ். இரண்டும் சரளமாகத் தெரிந்த சக மாணவர்கள் நடுவில் உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரத்தின் பயன் கூடுகிறது. மொழிபெயர்க்கிற பிள்ளைக்கும் தன் இருமொழிக்கு மதிப்பு இருப்பது தெரியவருகிறது. எல்லைப் பிள்ளைகள் தங்கள் கலப்புப் பேச்சுக்காக இரண்டு பக்கமும் கேலி வாங்குபவர்கள். ‘நம்மைப் போல இல்லை’ என்று ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குக் கொஞ்சம் தெரியும். பயிற்சியை அங்கிருந்து தொடங்கினால் பாதித் தூரம் தாண்டியாயிற்று.

படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. பல்வகைக் குறைபாடோ தீவிரக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்க, கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்தது. அது பெற்றோருக்குத் தந்த வசதி. ஆனால் வீட்டோடு விட்டுவிட நமக்குக் கிடைத்த அனுமதியாகவும் அது ஆகிவிட்டது. கேரளத்தில் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம் நடத்தும் ‘சங்ஙாதிக்கூட்டம்’ இதற்கு நல்ல மறுமொழி. வகுப்புத் தோழர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், பாடுகிறார்கள், கதை சொல்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். ‘சங்ஙாதி நந்நாயால் கண்ணாடி வேண்டா’ என்பது இங்குள்ள பழமொழி. தோழன் நல்லவனென்றால் கண்ணாடி தேவையில்லை. எனக்கு இதில் ஒரே கவலை, போட்டோ. ஒருமுறை பெரிய கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதைவிட, மூன்று பேர் மாதம் இருமுறை போவது மேல். போகுமுன் அந்தப் பிள்ளையையும் அம்மாவையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இன்று வேண்டாம் என்றால் திரும்பி வர வேண்டும்.

பிள்ளைகளிடம் விடக் கூடாத வேலைகளும் உண்டு. கழிவறைக்குக் கூட்டிப்போவது, துணி மாற்றுவது, மருந்து கொடுப்பது, தூக்குவது இவை பெரியவர்களின் வேலை. ஆள் இல்லை என்று பிள்ளைகள் தலையில் கட்டினால் இரு பக்கத்துக்கும் ஆபத்து. நண்பனைப் பற்றித் தெரிந்த உடல்நலச் செய்தியை ஊரில் சொல்லித் திரியக் கூடாது. யாராவது அவனைத் துன்புறுத்தினால், தொடக் கூடாத இடத்தில் தொட்டால், அதை மட்டும் ரகசியமாக வைக்கவே கூடாது. துணையாக இருக்கும் பிள்ளைக்கு அலுப்பு வரலாம், கோபம் வரலாம். வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் உட்கார்த்தி, ‘இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?’ என்று கேட்க வேண்டும். அதே கேள்வியை ஊனமுள்ள பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். ‘யார் கூட உக்கார ஆசை?’ என்றும் கேட்க வேண்டும். என் பழைய ஏற்பாட்டில் அவனை நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

2024 நவம்பரில் கொச்சியில் நடந்த கேரளப் பள்ளி விளையாட்டு விழாவில், ஊனமுள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும் போட்டிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். மாநில மேடையில் நடந்தது எங்கள் மைதானத்திலும் நடக்கலாம் என்று பிள்ளைகளிடமே விட்டேன். ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தில் வாக்கர் வைத்து நடக்கும் ஒரு பையன் எப்படி ஆடுவது? விதியை அவர்களே வகுத்தார்கள். வேப்ப மரத்திலிருந்து கொடிக்கம்பம் வரை சுண்ணாம்பால் ஒரு பட்டை போட்டார்கள். அந்தப் பட்டைக்குள் யாராக இருந்தாலும் நொண்டியடித்துத்தான் போக வேண்டும். அவன் பட்டைக்குள் நின்று பிடிப்பான், அவனையும் பிடிக்கலாம்.

இரண்டாம் நாளே ஒருத்தி அவன் தோளைத் தொட்டுவிட்டு ‘நீ அவுட்டு’ என்று கத்தினாள். ‘உன் கால் ரெண்டும் கீழ பட்டுச்சு, நீதான் அவுட்டு’ என்று அவன் அதைவிடச் சத்தமாகக் கத்தினான். கோட்டைச் சுற்றிக் கூட்டம் கூடி, பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் மணி அடித்துவிட்டது, சண்டையைத் தொடர்ந்துகொண்டே எல்லோரும் வகுப்புக்குள் போனார்கள்.